நிலைக்காலில் ஓர் இடம்

வீட்டுக்குள் கால் வைக்கும்முன் மீக்கே ஒரு குதி குதிப்பாள். விரல் வலதுபக்க நிலைக்காலைத் தொடும். அந்த விரலுக்கு ஒரு முத்தம். அப்புறம்தான் உள்ளே வருவாள். ஐந்து வயது. ஊரைப் பொறுத்தவரை, ரோட்டர்டாமில் குண்டு விழுந்து வீடிழந்த என் மாமா மகள். உண்மையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒளிந்து வந்த யூதக் குழந்தை, பெயர் மிர்யாம். அவர்கள் வீட்டு நிலையில் வேதவசனச் சுருளைச் சின்னக் கூட்டில் வைத்து அறைந்திருப்பார்கள். போகவர அதைத் தொட்டு முத்தமிடுவார்கள். எங்கள் பண்ணைவீட்டு நிலையில் உரிந்த பச்சைப் பெயிண்டைத் தவிர ஒன்றும் கிடையாது. இருந்தும் குதிப்பாள். அது ஜெர்மன்காரன் காதுக்குப் போனால் அவளோடு எங்களையும் அள்ளிக்கொண்டு போயிருப்பான்.

அம்மா கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். மீக்கே சமர்த்தாகத் தலையாட்டுவாள். கோழிக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடியும் குதிதான். என் அப்பா டோவே, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவரே ஒருநாள் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே குட்டி, எதுக்குக் குதிக்கிற?"

"எங்கப்பா வந்து மாட்டுவாரு மாமா. அதுவரைக்கும் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

அப்பா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். அதன்பிறகு யாரும் அவளை அதட்ட அவர் விடவில்லை.

புல் அறுப்பு சமயத்தில் ஒரு நண்பகல், பக்கத்துப் பண்ணை வீபே வெண்ணெய் வாங்க வந்தான். ஆள் காட்டிக் கொடுப்பவன் என்று ஊரே அவனிடம் பார்த்துப் பேசும். வாசலைப் பார்த்து அவன் உட்கார்ந்திருந்தபோது, மரச்செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மீக்கே ஓடிவந்தாள். அதே குதி, அதே முத்தம்.

வீபே கோப்பையைக் கீழே வைத்தான். "இது என்ன புதுசா? ரோட்டர்டாம்ல இப்படித்தான் செய்வாங்களா?"

அவளுக்குப் பின்னாலேயே அப்பா வந்துகொண்டிருந்தார். சாணிக் கையோடு நிலைக்காலைத் தொட்டார், விரலை உதட்டில் வைத்தார், குனிந்து உள்ளே வந்தார்.

"ரோட்டர்டாம் என்னடா, என் பழக்கம். இந்த நிலையில எத்தனை தடவை மண்டைய இடிச்சிருக்கேன் தெரியுமா? இப்பல்லாம் முதல்ல அதுக்கு ஒரு மரியாதை. என்னைப் பார்த்து இவளும் ஆரம்பிச்சுட்டா."

"உனக்கு மாடுங்களோட இருந்து இருந்து புத்தி பெசகிடுச்சு," என்றான் வீபே. நம்பினானா என்று தெரியவில்லை. வெண்ணெயை வாங்கிக்கொண்டு எழுந்தான்.

"நீயும் தொட்டுட்டுப் போ. உன் மண்டைக்கும் நல்லது."

வீபே சிரித்தபடி தொட்டான். விரலில் ஒட்டிய சாணியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனான்.

அப்பா கை கழுவி, தச்சுப் பென்சிலோடு வந்து மீக்கேயைத் தூக்கிக்கொண்டார்.

"உங்க வீட்டுல எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?"

அவள் கை நீட்டிக் காட்டினாள். அப்பா அங்கே ஒரு சின்னக் கோடு போட்டார்.

"நேரா இல்ல மாமா. சாய்ஞ்சிருக்கும்."

எச்சில் தொட்டுக் கோட்டை அழித்தார், சாய்த்துப் போட்டார். "இப்ப சரியா? உங்கப்பா வந்து இடம் தேடிட்டு நிக்கக்கூடாது பாரு."

மீக்கே கோட்டைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். இந்த முறை அவள் குதிக்க வேண்டியிருக்கவில்லை.