புள்ளி ஒன்று

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பெர்மாஸ் ஜெயாவில் பிள்ளைகளைப் பூப்பந்துப் பயிற்சிக்கு விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோரில் நர்மதாவும் ஒருத்தி, நானும் ஒருவன். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், “என்கிட்ட ஒண்ணு இருக்கு. எழுதுங்க. ஆனா நல்லவங்க, கெட்டவங்கன்னு பிரிச்சிடாதீங்க” என்றாள்.

முதல் வரைவில் பிரித்துத்தான் எழுதினேன். அதன் தொடக்கம் இது: ‘மாசாய் வானத்தில் கருமேகங்கள் திரண்டு…’

விட்டுவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில்.

2

பக்கத்து ஊரான மாசாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் டயாலிசிஸ் மையம். கீழே டயர் கடை. காலையில் வந்த நோயாளிகள் சாய்வு நாற்காலிகளில் படுத்துவிட்டார்கள்; இயந்திரங்கள்தாம் ஓடவில்லை. பின்னறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கருவியைப் பராமரிக்கும் கம்பெனியின் டெக்னீஷியன் நர்மதா, தெப்ரா ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தாள்.

(குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. டயாலிசிஸ் இயந்திரத்தின் வழியாக ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே தண்ணீர் முதலில் ஒரு கரித்தொட்டிக்குள் புகுந்து குளோரினை விட்டுவிட்டு வர வேண்டும். வெளியே வருவதில் அளவு புள்ளி ஒன்றைத் தாண்டினால் பெட்டி கத்தும், பம்பை நிறுத்தும். இந்த விளக்கத்தை யாராவது பேசுவதுபோல் கதைக்குள் நுழைக்கப் பார்த்தேன். அந்தக் காலையில் யாருக்கும் அவ்வளவு பேச நேரமில்லை.)

திரையில் 0.34.

“நல்லவேளை வந்துட்டே,” என்றார் மையத்தின் மேற்பார்வையாளர் சபாபதி. “சென்சருக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. லிமிட்ட இன்னும் கொஞ்சம் ஏத்திவிடு. இந்த ஒரு ஷிப்ட் மட்டும் லா. மதிவாணன் அண்ணனுக்கு மூச்சு வாங்குது.”

அது பொய்யில்லை. கண்ணாடிக் கதவு வழியே மதிவாணன் தெரிந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கால்கள் வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் தேங்கிய நீரை இயந்திரம்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் நர்மதாவின் காதில் ஒரு சொல் தங்கிவிட்டது. இன்னும்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எச்சரிக்கை அளவு 0.3 என்று இருந்தது.

“அண்ணே, இது புள்ளி ஒண்ணுல இருக்கணும். யாரு மாத்துனா?”

சபாபதி அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

“நான்தான்.”

3

இந்த இடத்தில் முதல் வரைவின் சபாபதி விரலில் தடித்த மோதிரம் போட்டிருந்தார். பேசும்போது வஞ்சகமாகச் சிரித்தார். அதைக் கைப்பேசியில் படித்த நர்மதா, “இது யாரு?” என்று கேட்டாள். லிஃப்ட் கெட்டுப்போனால் நோயாளிகளை முதுகில் தூக்கி மாடிப்படி இறக்குகிறவராம் சபாபதி. யாராவது ஒரு முறை வராமல் போனால் வீட்டுக்கே போய்க் கூட்டிவருவாராம்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். சிரிப்பையும் எடுத்துவிட்டேன். அவர் சொன்னது மட்டும் மிஞ்சியது.

“போன வாரமே கத்துச்சு. உங்க ஆபீசுக்கு போன் போட்டேன். கரித்தொட்டிக்குப் புது மோட்டார் மாட்டியிருக்கோம், அப்படித்தான் இருக்கும், தானா சரியாயிடும்னாங்க. ஆளுங்க எல்லாம் படுத்திருக்காங்க. என்ன செய்யச் சொல்றே? ஏத்திட்டேன். இன்னிக்கு மறுபடியும் ஏத்தத் தனியா தைரியம் வரல.”

“தண்ணியில மருந்து போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். லேசா ரோஸ் கலர் வந்துச்சு.” (குளோரின் இருந்தால்தான் அந்த நிறம் வரும்.) “கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அந்த மோட்டாரை மாட்டியவன் கவின். நர்மதாவோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவன்.

[இங்கே நர்மதாவின் மனநிலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ‘அவள் நெஞ்சுக்குள் ஒரு…’ என்று ஆரம்பித்தது. அவளிடம் கேட்டேன். “பெட்டி கத்திக்கிட்டிருந்துச்சு, அவ்வளவுதான்” என்றாள்.]

4

“ஏத்த மாட்டேன்ணே. அரை மணி நேரம் குடுங்க.”

“அதுவரைக்கும் அவரு தாங்கணுமே, நர்மதா!”

“நர்ஸ ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லி வைங்க.”

முதல் வேலையாக அளவைப் புள்ளி ஒன்றுக்கு இறக்கினாள். பிறகு கரித்தொட்டியிடம் போனாள்.

தொட்டியின் தலையில் ஒரு வால்வு. கரியைக் கழுவும்போது மோட்டார் அதைத் திருப்பித் திறக்கும்; கழுவி முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மூடும். புது மோட்டாரை மாட்டினால், எது முழுக்க மூடிய இடம், எது முழுக்கத் திறந்த இடம் என்று பெட்டிக்கு மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். கவின் மாட்டியதோடு போய்விட்டான். பெட்டி பழைய மோட்டாரின் கணக்கிலேயே இருந்தது. திரை ‘பூஜ்யம், மூடியாகிவிட்டது’ என்றது. வால்வின் தண்டிலிருந்த கோடோ நேராக வராமல் நூலளவு தள்ளி நின்றது. அந்த இடுக்கு வழியே குழாய்த் தண்ணீர் கரியைத் தொடாமலேயே நல்ல தண்ணீரோடு சேர்ந்துகொண்டிருந்தது.

கைமுறைக்கு மாற்றி மோட்டாரைச் சிறிது சிறிதாக ஓட்டினாள். உள்ளங்கையை வால்வின் மேல் வைத்திருந்தாள். முட்டி நின்றது கையில் தெரிந்தது. இதுதான் பூஜ்யம் என்று பதிந்தாள். மறுகோடிக்கு ஓட்டி, இதுதான் நூறு என்று பதிந்தாள். போய்வர விட்டுப் பார்த்தாள். கோடு நேராக வந்து நின்றது. குழாயில் தேங்கியிருந்ததையெல்லாம் வடியவிட்டு, சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து போட்டாள். ரோஜா நிறம். மறுபடி பிடித்தாள். வெளிறிய ரோஜா. அதற்கடுத்த குப்பியில் நிறமே இல்லை.

பெட்டி வாயை மூடிக்கொண்டது.

இயந்திரங்கள் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் மதிவாணனுக்கு மூச்சு சீரானது.

5

சபாபதி அவள் எதிரிலேயே டாக்டருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எல்லாருக்கும் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். போனை வைத்துவிட்டு சபாபதி நர்மதாவிடம் திரும்பினார்.

“இவங்ககிட்ட மட்டும் இப்பச் சொல்லிடாதேம்மா. பயந்து அடுத்த தடவ வராம இருந்துட்டா, அதுதான் உயிருக்கு ஆபத்து. ரிசல்ட் வந்ததும் நானே சொல்றேன்.”

அதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய கம்பெனிக்கும் அது வசதியாக இருந்தது. அந்த வசதிதான் அவளை உறுத்தியது.

பையைத் தூக்கிக்கொண்டு அவள் வார்டைக் கடக்கும்போது மதிவாணன் கூப்பிட்டார். “ஏம்மா, எல்லாருக்கும் ரத்தம் எடுக்குறாங்களே. போன வாரம் எனக்கு வீட்டுப் படி ஏறவே தெம்பில்ல. தண்ணியில ஏதாச்சும் கோளாறா?”

முடிவு அ: “டாக்டரக் கேளுங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

முடிவு ஆ: உள்ளதைச் சொல்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரர் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு… (இல்லை. யாரும் அப்படிச் செய்யவில்லை. நான் சேர்த்தது.)

முடிவு இ: “ஒண்ணும் இல்ல” என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எழுத வரவில்லை.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மதிவாணனுக்கு ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், தேறிவிட்டார். இன்னமும் அங்கேதான் வருகிறார். அதை வைத்து அவள் பதிலை ஊகிக்க முடியாது. அந்த மையத்தை விட்டால் அவருக்குப் பக்கத்தில் வேறில்லை. பெட்டியில் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு கடவுச்சொல் உண்டு; சபாபதி தானாகவே கேட்டு அதை மாற்றவைத்தார். இப்போது அது அவருக்கே தெரியாது.

நர்மதா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அவளுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் அந்த நாற்காலியில் படுத்துக்கொள்ளுங்கள். கையில் ஊசி. உங்கள் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வருகிறது. எழுந்து போக முடியாது. கேட்டுவிட்டீர்கள். எந்தப் பதில் வேண்டுமென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் பார்த்ததுபோல் எழுதக்கூடியது இவ்வளவுதான்: அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.