மீர்குல் டீச்சரின் படம்

நரின் நகரத்து ஆரம்பப் பள்ளியில் அந்த வாரம் முழுக்க ஓவியம், ஓட்டப்பந்தயம், பலகாரம் சுடுவது என்று ஒரே அமர்க்களம். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதும் வகுப்பறை வெறிச்சோடியது. தொலைவிலுள்ள ஓஷ் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த மீர்குல் டீச்சர், எண்ணெயில் பொரித்து ஆறிப்போன போர்சோக் பலகாரத்தைத் தனியாக மென்றுகொண்டிருந்தாள்.

மறந்துபோன கையுறையை எடுக்க மாணவி சைக்கால் ஓடிவந்தாள்.

"உங்க அம்மா வரலையா டீச்சர்?"

"அவங்க ரொம்ப தூரத்துல இருக்காங்கடி கண்ணு."

"அப்போ நீங்க வரைஞ்சத யாரு பாத்தா?"

"நான் எதுவும் வரையலையே."

"வரைங்க, நான் பாக்குறேன்."

மீர்குல் கரும்பலகையில் ஓஷிலிருக்கும் தன் வீட்டையும் வாசல் மாதுளை மரத்தையும் வரைந்தாள்.

"நல்லாருக்கு டீச்சர்!" என்ற சைக்கால், வெளியே அம்மா கூப்பிட்டதும் பறந்துவிட்டாள்.

பலகையை அழிக்க மீர்குலுக்கு மனம் வரவில்லை. அப்படியே விளக்கை அணைத்தாள்.