தாய்மாமன் தள்ளிக்கொண்டு போன கார்

பழைய காரைத் தொலைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். எல்லா வழியிலும் போய் முட்டிக்கொண்டு திரும்பியவன் நான்.

மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த வருசம் அந்த நீலக் காரை வாங்கினேன். டாக்டர் ஓட்டின வண்டி என்றான் புரோக்கர். மாட்டு டாக்டரா, மனுச டாக்டரா என்றாவது கேட்டிருக்க வேண்டும். எனக்கு எங்கே புத்தி இருந்தது? ஆறு மாதம் ஓடியது. அப்புறம் வாசலில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றுவிட்டது. கோழிகள் உள்ளே ஏறிக் குடித்தனம் நடத்தின.

இந்த நேரம் பார்த்து, நரிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி கனகலட்சுமி தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். நான் தாய்மாமன், சீர் கொண்டுபோக வேண்டும். மழையும் ஏமாற்றிவிட்டது, கையிலும் ஒன்றுமில்லை. தங்கச்சி போனில் அழுதாள்.

"அண்ணே, எங்க அத்தைக்கு ஒம்பது வருசமா ஒரே பேச்சுத்தான். ஒங்க அண்ணன் வீட்டுல இருந்து என்னத்தக் கொண்டாந்தன்னு. இந்தத் தடவையாச்சும் ஊரு கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஏதாச்சும் கொண்டாந்துருண்ணே. இல்லைன்னா நான் சாகுற வரைக்கும் கேக்கணும்."

காரை விற்றாவது சீர் செய்துவிடுவது என்று கிளம்பினேன்.

அருப்புக்கோட்டை புரோக்கர் வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான், மோர் வாங்கிக் குடித்தான், போய்விட்டான். வீரசோழன் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஆர்.சி. புக் இன்னும் டாக்டர் பேரில் இருக்கிறது, அவர் கையெழுத்து வேண்டும் என்றார். விசாரித்தால் டாக்டர் போய்ச் சேர்ந்து நாலு வருசம் ஆகிறது.

வந்த ஆத்திரத்தில் காரை டிராக்டரில் கட்டி இழுத்துப்போய், திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாவியோடு விட்டுவிட்டு வந்தேன். எவனாவது களவாண்டு போகட்டும். மறுநாள் காலையில் நாலு பேர் வேர்க்க விறுவிறுக்க அதைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள்.

"சாவிய மறந்துட்டு வந்துட்டீகளேண்ணே. காலம் கெட்டுக் கெடக்கு, இப்பிடியா விட்டுட்டு வாரது?" என்று என்னையே ஏசினார்கள். நாலு பேருக்கும் இட்லி போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று.

இட்லி வைத்த என் பெண்டாட்டி காளீஸ்வரிதான் யோசனை சொன்னாள்.

"இதையே சீருன்னு கொண்டுபோயி எறக்கிருவோம். சீருக்கு எவனும் ஆர்.சி. புக்கு கேக்க மாட்டான். ஆரத்தி எடுத்துட்டா திருப்பித் தரவும் முடியாது."

"சொந்தத் தங்கச்சி தலையில கட்டுறதா?"

"ஊரு கண்ணுக்குத் தெரியணும்னுதான கேட்டா. இதவிடப் பெருசா நம்மகிட்ட என்ன இருக்கு?"

கோழிகளைக் காலி செய்து, கழுவி, மாலை போட்டோம். தங்கச்சி ஊர் எல்லை வரைக்கும் டிராக்டர் இழுத்தது. அங்கே கயிற்றை அவிழ்த்தோம். காளீஸ்வரி பழத்தட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், எங்கள் சொந்தபந்தம் இருபது பேர் ஊர்வலம் வருகிற மாதிரிப் பின்னாலிருந்து தள்ளினார்கள். மேளச் சத்தத்தில் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மெதுவாக வந்தால்தான் மரியாதை என்று ஊரே நினைத்துக்கொண்டது. தாய்மாமன் பால்பாண்டி கார் சீர் கொண்டுவந்திருப்பதாக மைக்கில் மூன்று தடவை அறிவித்தார்கள். தங்கச்சியின் மாமியார் மாயக்காளே முண்டியடித்து வந்து ஆரத்தி எடுத்தாள்.

கனகலட்சுமி காரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்தக் காரை அவளுக்குத் தெரியாதா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடப்பிறந்தவளுக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று ஒரு மாதம் போனைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"காரு ஓடாதுன்னு தெரிஞ்சுபோச்சா தாயி?" என்றேன்.

"அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அத்தைதான் ஒத்துக்கிட மாட்டேங்கிறாக. மைக்குல சொன்ன காரு எப்பிடி ஓடாமப் போகும்கிறாக. வெள்ளன எந்திரிச்சு முன் சீட்டுல போயி உக்காந்துக்கிறாக. போறவுக வாரவுகளை எல்லாம் கூப்புட்டு, மருமக வீட்டுச் சீருன்னு காட்டுறாக. காப்பி, சோறு எல்லாம் அங்கனயேதான். பொழுதடைஞ்சாத்தான் உள்ள வாராக."

"ஒன் பாடு?"

"எனக்கென்ன? கட்டிக்கிட்டு வந்து ஒம்பது வருசத்துல இப்பத்தாண்ணே ஒருத்தர் பேச்சும் கேக்காம உக்காந்து சோறு திங்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட தங்கச்சிக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டுமே. திருச்சுழியில் எனக்குத் தெரிந்த கெட்டிக்கார மெக்கானிக் ஒருவன் இருக்கிறான், நாளைக்கே அனுப்பிவைக்கிறேன், காரைக் கிளப்பிவிடுவான் என்றேன்.

அவள் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, ஒன்னையக் கையெடுத்துக் கும்புடுறேன். அதை மட்டும் செஞ்சிராத."