மெர்க்குரிக்கு ஒரு தொப்பி

1

இந்தக் கதையை எழுதும் மெழுகே திருட்டு மெழுகுதான். ரோமுக்குத் தெற்கே கப்புவா நகரத்தில், எசமான் துரானியஸின் வார்ப்புப் பட்டறையில் சாமி சிலைக்கு வைத்திருந்த கட்டியில் கொஞ்சம் கிள்ளி, எழுதுகிற பலகையில் பூசிக்கொண்டேன். 'ஏன்டா திருடுற' என்று கேட்டிருக்கக்கூடியவன் ஹிலாரஸ் ஒருவன்தான். அவன் செத்துப்போனான். அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஹிலாரஸ் ஒரு மாவீரனாக...'

(வேண்டாம். வெங்காய நாற்றத்தோடு வேலைக்கு வருகிற அடிமை அவன், என்னைப் போல.)

வணிகர்களின் தெய்வம் மெர்க்குரி. அவருடைய சிலை திருவிழாவுக்குள் முடிந்தால் ஹிலாரஸுக்கு விடுதலை என்று எசமான் சொல்லியிருந்தார். விடுதலையானவன் தலையில் கம்பளித் தொப்பி ஏறும்.

"சாமிக்கும் தொப்பி, எனக்கும் தொப்பி. யாரு சாமின்னு நீயே கொழம்பிடுவ பாரு."

"சாமிக்கு மூக்கு நல்லா இருக்கும்டா," என்றேன்.

3

(இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மெழுகில் செய்த சிலையின்மேல் மண் பூசி, அந்த மண் அச்சைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுவோம். உள்ளே ஈரம் இருந்தால், வெண்கலத்தை ஊற்றியதும் வெடிக்கும். அச்சின் துளையின் மேல் குளிர்ந்த கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பது என் வேலை. மங்கினால் ஈரம்; இன்னும் இரண்டு நாள் சுட வேண்டும். திருவிழாவுக்கு முன் எங்களிடம் அந்த இரண்டு நாள் இல்லை.)

கண்ணாடி லேசாக மங்கியது.

"அது உன் மூச்சுடா," என்றான் ஹிலாரஸ்.

"நான் தள்ளித்தானே நிக்கிறேன்."

"ஒம்போது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். பாத்துச் சொல்லு."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கண்ணாடியை அங்கியில் துடைத்தேன். மறுபடி பிடித்துப் பார்க்கவில்லை.

"காஞ்சிருச்சு," என்றேன்.

4

ஊற்றும்போது அச்சின் அருகில் நின்றவன் அவன்தான். வெடித்ததும் அவன் நெஞ்சில்...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

மாலைவரை உயிர் இருந்தது. "என் தப்புடா. நான்தான அவசரப்படுத்துனேன்," என்றான். 'இல்லடா, என் தப்பு' என்று நான் சொல்லவில்லை.

சிந்திய வெண்கலத்தைப் பொறுக்கி மறுபடி உருக்கிப் புது அச்சில் ஊற்றினோம், அவன்மேல் விழுந்ததையும் சேர்த்து. சாமி நன்றாகவே வந்தார். ஊரே காலைத் தொட்டு முத்தமிடுகிறது. தொப்பிகூட அழகுதான்.

5

ஒரு முடிவு: நான் 'ஈரம்' என்கிறேன். ஹிலாரஸ் அடிமையாகவே கிழவனாகி, தினமும் என்னைத் திட்டுகிறான். (எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.)

இன்னொன்று: அது என் மூச்சேதான். அச்சு காய்ந்துதான் இருந்தது, வெடித்தது வேறு எதனாலோ...

இரண்டையும் பலமுறை எழுதி அழித்துவிட்டேன். எழுத்தாணியின் தட்டை முனையால் தேய்த்தால் மெழுகில் எதுவும் தங்காது.

பலகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடிவை நீங்களே எழுதுங்கள். என் கையில் இருந்தால் மறுபடியும் துடைத்துவிடுவேன்.