பார்த்தும் கத்தாதவர்

ஏணியில் கால் வைத்தாலே கிரேன்காரருக்கு முழங்கால் வெடவெடவென்று ஆடியது. பதினாறு வருஷமாக அந்தரத்துக் கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கான இரும்பு உத்தரங்களைப் பூப்போல இறக்கிவைத்த மனுஷன். கூட வேலை பார்த்த வெல்டர் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து செத்த நாளிலிருந்து இந்தக் கதிதான்.

ஆளாளுக்கு அறிவுரையை அள்ளி வீசினார்கள். கீழே பார்க்காமல் ஏறச் சொன்னான் மச்சான். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவரை மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனாள்.

ஆலோசகரான அந்தப் பெண்மணியும் ஒரு யோசனையும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று வாரம் பொறுத்த கிரேன்காரருக்கு நான்காவது வாரம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாரும் ஏதாவது சொல்றாங்க. நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே, மேடம்?”

“உங்களுக்கு எது சரின்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்னு நான் நினைக்கலைங்க. நீங்க சொல்லுங்க, கேக்கறேன்.”

அவரை அப்படி யாரும் நம்பியதில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாததை மென்று விழுங்கிச் சொன்னார்.

“உயரம்னா எனக்கு பயமே இல்ல மேடம். அன்னைக்கு அவன் சேஃப்டி பெல்ட் மாட்டாம நின்னத மேலேருந்து பாத்தேன். வேலை நின்னா சூப்பர்வைசர் திட்டுவாருன்னு கத்தாம இருந்துட்டேன்.”

தலையைக் குனிந்துகொண்டார். ஏச்சு விழவில்லை.

“இத்தனை நாளா இதைத் தனியாச் சுமந்திருக்கீங்க” என்றார் ஆலோசகர், முகம் சுளிக்காமல்.

கிரேன்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது ஓய்ந்தபோது அடுத்து என்ன செய்வது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை எல்லார் முன்னாலும் சூப்பர்வைசரிடம் போய், அன்று கண்டதை ஒளிக்காமல் சொன்னார். இனி ஒருத்தர் பெல்ட் மாட்டாமல் நின்றாலும் கிரேன் நகராது, பிடிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சூப்பர்வைசர் எகிறிக் குதித்தார். ஆனால் வெல்டர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து கிரேன்காரர் பக்கம் நின்றார்கள். செத்தவனின் தம்பியும் அங்கே வெல்டர்தான்; அவன்தான் முதல் ஆளாக வந்தான். வந்து அவர் தோளில் கை வைத்தான். சூப்பர்வைசருக்குச் சுருதி இறங்கிவிட்டது, ஒப்புக்கொண்டார்.

கிரேன்காரர் ஏறினார். கால் ஆடத்தான் செய்தது. ஆடுகிற காலோடே உச்சிவரை போனார். கூண்டில் உட்கார்ந்து வாக்கிடாக்கியை எடுத்தார்.

“எல்லாரும் பெல்ட்ட மாட்டிட்டு கையைத் தூக்குங்க. அப்புறந்தான் தூக்குவேன்.”

ஏழு மாடியிலும் கைகள் உயர்ந்தன. ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்துவிட்டு விசையைத் தள்ளினார். உத்தரம் தரையை விட்டு எழும்பியது.