உப்பில்லாத சமையல்

டாக்டர் அன்றைக்கு ஒரே போடாகப் போட்டுவிட்டார்: உப்பைத் தொடக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். புருஷனின் பிரஷருக்காகச் சொன்ன இரண்டையும் தையல்காரி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த கையோடு உப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். ஊறுகாய் பாட்டில் குப்பைக்குப் போனது. "அட, பாதி இருக்கேடி!" என்று அவள் புருஷன் பின்னாலேயே ஓடி வந்ததுதான் மிச்சம்.

அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் வால்வுக்காரர் என்பார்கள். தெருக்கோடியில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவருக்கு வேலை. எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் கழிவுநீரை டேங்கர் லாரிகள் அங்கே கொண்டுவரும். அதன் உப்புக்கு முன்னால் கடல் தண்ணீர் எம்மாத்திரம்! லாரியில் குழாயை மாட்டி, வால்வைத் திறந்து, அதைப் பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்றில் இறக்கிவிட வேண்டும். பாதாளத்துக்குப் போகிறது, மேலே வராது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர் நம்பினார். ஒருமுறை நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடும் என்று தெருக்காரர்கள் கூடிச் சத்தம் போட்டபோது அவரேதான் நடுவில் போய் நின்றார். "அதெல்லாம் பாதாளத்துக்குப் போயிடுது. எல்லாரையும்விட என் வீட்டு போர்தான் அந்தக் கிணத்துக்குக் கிட்ட இருக்கு. அந்தத் தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன். குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல?" என்றார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். அவ்வளவு வெள்ளந்தியான ஆள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

உப்பில்லாத சாப்பாட்டை ஆரம்பத்தில் அவர் மண்ணைத் தின்பதுபோல் தின்றார். போகப் போகப் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, சில மாதங்களில் ருசிக்கவே ஆரம்பித்துவிட்டது. "உப்பே போடாம எப்படிடி இப்படிச் சமைக்கிற? எல்லாம் உன் கைப்பக்குவம்!" என்பார். தையல்காரிக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கெல்லாம் மெஷின் தானாக ஓடும்.

ஆனால் பிரஷர் மட்டும் இறங்குவேனா என்றது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஏறித்தான் இருந்தது. "நிஜமாவே உப்பைக் குறைச்சீங்களா?" என்று டாக்டர் கேட்பார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புருஷனை முறைப்பாள். வீட்டில் ஒரு கல் உப்பு கிடையாது. அப்புறம் எங்கிருந்து ஏறும்? லாரிக்காரன்களோடு சேர்ந்து கண்டதையும் தின்கிறார், வேறென்ன!

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் பையைத் துழாவுவாள். சட்டைப்பையைத் திருப்பிப் பார்ப்பாள். வேலையிலிருந்து வந்ததும் விரலை முகர்ந்து பார்ப்பாள். "போலீசுக்குப் போக வேண்டியவ, தையல் மெஷின்ல வந்து உட்கார்ந்துட்ட" என்று அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து எதிரில் நிற்பாள். "குடிங்க. தின்னதெல்லாம் கரைஞ்சு வெளிய போகட்டும். இன்னும் ஒரு செம்பு. முழுசா." சண்டை போட்ட நாளில் கூடுதலாக ஒரு செம்பு. அவரும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். அவர் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம்தான் அவளுக்கு அத்தனை கோபமாக வந்தது.

கடைசிச் சண்டை ஒரு காலை நேரத்தில். "சத்தியமா நான் எதையும் திங்கலடி" என்றார்.

"பொய். வாயைத் திறந்தா பொய். என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போகணும்னே திங்கறீங்க!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானம் இரண்டு லாரி டிரைவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை துவண்டு தொங்கியது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. நாம் பேசினாலும் அவருக்குச் சத்தம் கேட்குமே தவிர அர்த்தம் புரியாது, இனிமேல் புரியும் என்று நம்பவும் வேண்டாம் என்றார் டாக்டர்.

அந்த நிலையிலும் அவள் டிரைவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லுங்கண்ணே. அங்க என்னத்த வாங்கிக் குடுத்தீங்க?"

"அவருக்கா? நாங்க நீட்டினாக்கூடக் கும்பிட்டுட்டு நகர்ந்துடுவாரும்மா. வீட்ல தெரிஞ்சா அழுவாம்பாரு."

கூட்டுக் களவாணிகள், ஒருத்தனை ஒருத்தன் காட்டிக்கொடுப்பானா என்று அதையும் அவள் நம்பவில்லை.

ஒத்தாசைக்கு வெளியூரிலிருந்து தங்கை வந்தாள். பையை வைத்ததும் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தவள், த்தூ என்று துப்பினாள்.

"என்னக்கா இது! குடத்துல எவளாவது உப்பைக் கொட்டிட்டாளா?"

"என்னடி உளறுற? நல்லாத்தானே இருக்கு" என்று அக்கா வாங்கிக் குடித்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

தங்கை தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "இதைக் குடி. அப்புறம் அதைக் குடி."

குடித்தாள். மறுபடி குடத்துத் தண்ணீரை வாயில் வைத்தாள். உப்பு. தொண்டையைப் பிடிக்கிற உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதில் நாக்குக்கே தெரியாமல் போய்விட்டது. சோப்பு நுரைக்கவில்லை என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்றாளே, அது இதுதான். தொட்டிச் செடிகள் கருகினது இதுதான். உப்பே போடாமல் ருசித்த சாப்பாடும் இதுதான். மார்பைத் தட்டிச் சொன்னாரே, லாரிக் கழிவுநீர் பாதாளத்துக்குப் போகிறது என்று! அது அங்கே போகவில்லை, அவர் வீட்டுக் குடத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஒரு கல் உப்பு இல்லாத வீட்டில் அவள்தான் அதைச் செம்பு செம்பாக மொண்டு, எதிரில் நின்று, மிரட்டிக் குடிக்கவைத்திருக்கிறாள்.

"நானே குடுத்தேன்டி. என் கையால குடுத்தேன்" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் நல்ல தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் விழித்திருந்தார். இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொல்லலைங்க. நீங்க எதையும் திங்கல. தண்ணிலதான் இருந்திருக்கு. நான்தான் பாவி, நான்தான் குடுத்தேன். கேக்குதா? நான் நம்பறேங்க. உங்களை நம்பறேன்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அழுகிறாள், சத்தம் போடுகிறாள் என்பதுதான். வீட்டில் அவள் அழுது சத்தம் போட்டதெல்லாம் ஒரே விஷயத்துக்காகத்தானே! அவர் முகம் மெல்லக் கலங்கியது. கோணிய வாயிலிருந்து என்னவோ குழறியது. அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். அதைத் தட்டுத்தடுமாறி மேலே தூக்கினார். அவள் உச்சந்தலையில் அதை வைத்து அழுத்தினார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார்.

தான் எதையும் தின்னவில்லை என்று அவள் தலைமேல் சத்தியம் செய்தார். "தெரியுங்க, தெரியுங்க" என்று அவள் கதறக் கதற, கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து, மறுபடி மறுபடி சத்தியம் செய்துகொண்டே இருந்தார்.