பொன்னாடைக்குள் ஒரு போன்

பால் வாங்கப் போன தணிகாசலத்தைத் தெருக்குழி இடுப்புவரை எடுத்துக்கொண்டது. அந்தத் தெருவில் அது நடப்பதுதான். அரை மணியில் விட்டுவிடும். அன்று விடவில்லை.

அவர் மனைவி செண்பகவல்லி குழி ஹாட்லைனுக்கு அடித்தாள். குழியில் விழுந்தவர்களுக்கென்று நகராட்சி சுவர் சுவராக எழுதிவைத்திருந்த எண். அவளுடைய அழைப்பு மிக முக்கியமானது என்று ஒரு குரல் குழைந்தது. பிறகு நாதஸ்வரம் வந்தது. வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் தணிகாசலம் ஒரு விரற்கடை இறங்கினார்.

"காத்திருன்னா காத்திருக்கணும்" என்றார் அவர். ஓய்வுபெற்ற குமாஸ்தா. மேலதிகாரியின் போனை இரண்டாவது மணி அடிக்க விட்டவரில்லை.

செண்பகவல்லி நேரிலேயே போனாள். நகராட்சி அலுவலகத்தின் தாழ்வாரம், அவள் கோபம் ஏற ஏற நீண்டுகொண்டே போனது. முடிவில் ஒரு மேடை. மேடை நடுவில், நாற்காலியில், ஹாட்லைன் போன் உட்கார்ந்திருந்தது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பொன்னாடைக்குள் அது விம்மி விம்மி அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசித்தார்.

"எடுங்களேன்" என்றாள்.

விழாக்குழுத் தலைவர் அதிர்ந்துபோனார். "திறப்பு விழா முடியலம்மா. சிறப்பு விருந்தினர் அய்யா வந்து மொத போனை எடுக்கணும்."

"அவர் எங்க?"

"வர்ற வழியில குழியில இருக்கார். ஹாட்லைனுக்குத்தான் அடிச்சுக்கிட்டிருக்காராம். அய்யா எடுக்க வேண்டிய போனை நாங்க எடுத்தா மரியாதையா இருக்குமா?"

"என் வீட்டுக்காரர் உள்ள போயிட்டிருக்கார். நீங்க போனுக்குச் சால்வை போத்தி அழகு பாக்குறீங்க. வெக்கமா இல்ல?"

அவர் யோசித்துவிட்டு, வெட்கப்படுவது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்.

செண்பகவல்லி மேடையேறிப் பொன்னாடையை உருவி எறிந்தாள். போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். சுவரிலிருந்து ஒயர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. தாழ்வாரம், கடைத்தெரு, ரயில்வே கேட் எல்லாம் தாண்டியும் தீரவில்லை. தன் வேலை போனோடு என்று நாதஸ்வரக்காரரும் வாசித்தபடியே பின்னால் வந்தார்.

தணிகாசலம் மோவாய்வரை போயிருந்தார். தலையும் கைகளும் மட்டும் வெளியே. போனைக் குழியோரம் வைத்துவிட்டு ஒயரை நீட்டினாள். பிடித்துக்கொண்டார். இழுத்தாள். தோள் வந்தது. மார்பு வந்தது. ஹாட்லைனால் ஒருவருக்குப் பயன் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போது போன் மறுபடி அடித்தது.

தணிகாசலம் ஒயரை விட்டார். இரண்டு கையாலும் ரிசீவரை எடுத்தார். குழிக்குள்ளேயே எழுந்து நிற்கப் பார்த்தார்.

"வணக்கம் அய்யா. உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"அதை வெச்சுட்டு ஒயரைப் பிடிங்க" என்றாள் செண்பகவல்லி.

அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "சும்மா இரு செண்பகம். லைன்ல பெரிய மனுஷர் இருக்கார்."

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார்.